பிள்ளைகளோடு செய்யும் குச்சி ஐஸ் ஏன் கல்லாகிறது? கோடைக்கு வேறு என்ன செய்யலாம்?

மூவரின் அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு ஒன்பது, ஆறு, மூன்று வயதுகளில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். விடுமுறை தொடங்கியதிலிருந்து, வெயில் தணியும்வரை அவர்களை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அடுப்பு மூட்டாமல் செய்யக்கூடிய குளிர்ச்சியான தின்பண்டங்களை அவர்களைக் கொண்டே செய்யலாம் என்று எண்ணி, இரண்டு வாரங்களாக முயன்று வருகிறேன். எண்ணம் நன்றாகத்தான் இருந்தது. விளைந்தவைதான் அப்படி இல்லை.

முதலில் குச்சி ஐஸ் செய்தோம். தர்பூசணியை அரைத்து, வடிகட்டி, சர்க்கரை எதுவும் சேர்க்காமல் அச்சுகளில் விளிம்புவரை ஊற்றி, இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்தோம். காலையில் அது கருங்கல்லைப்போல் இருந்தது. உறிஞ்சத் தொடங்கியதும் சாறு மட்டும் வாய்க்குள் வந்துவிட, நிறமும் சுவையும் இல்லாத வெறும் பனிக்கட்டி குச்சியில் மிஞ்சியது. அச்சிலிருந்து இழுத்தபோது இரண்டு குச்சிகள் தனியாகக் கையோடு வந்துவிட்டன. அப்போது நடுப்பிள்ளை அழுத அழுகையை விவரிக்க வேண்டியதில்லை. அடுத்த முறை, பாடம் கற்றுக்கொண்டவளாகச் சர்க்கரையை அள்ளிப் போட்டேன். அது இரண்டு நாட்கள் ஆகியும் உறையாமல் கூழாகவே கிடந்தது.

பிறகு ஜெல்லி. ஜெலட்டின் தூளைப் பொட்டலத்தில் சொல்லியிருந்த அளவிலேயே கரைத்து, பெரியவள் ஆசையாக நறுக்கிய அன்னாசித் துண்டுகளை அதில் போட்டுக் குளிர வைத்தோம். மறுநாளும் அது தண்ணீராகவே இருந்தது. தூள் பழையதோ என்று ஐயப்பட்டுப் புதிய பொட்டலம் வாங்கி மறுபடியும் செய்தேன்; அதுவும் உறையவில்லை.

இவற்றைவிட என்னை உறுத்துவது வேறொன்று. கழுவுவது, வெட்டுவது, அரைப்பது, ஊற்றுவது எல்லாவற்றையும் நானே செய்கிறேன். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் மிக்சியின் விசையை யார் அழுத்துவது என்று சண்டையிடுகிறார்கள். மூன்று வயதுக்காரனுக்கு உண்மையாகவே ஏதாவது வேலை கொடுக்க முடியுமா? ஒன்பது வயதுப் பெண்ணின் கையில் கத்தியைக் கொடுக்கலாமா? நடுப்பிள்ளை பச்சை நிறத்தில் இருக்கும் எதையும் தொடுவதில்லை. செய்வதில் பங்கெடுத்தால் சாப்பிடத் தொடங்குவான் என்று சொல்கிறார்களே, அது உண்மைதானா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


வேதியியல் ஆசிரியர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் இரண்டு குச்சி ஐஸ்களும் ஒரே விதியின் இரு முனைகள். தண்ணீரில் சர்க்கரை கரைந்திருந்தால் அது உறையும் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஃப்ரீசரில் வைத்த சாற்றில் முதலில் தண்ணீர் மட்டும் தனியாகப் பனிப்படிகமாக உறைய, சர்க்கரை எல்லாம் மீதமுள்ள நீர்மத்தில் சேர்ந்துகொண்டே போகும். அப்படிச் செறிவடைந்த பாகு, வீட்டு ஃப்ரீசரின் −18 டிகிரி செல்சியஸிலும் முழுவதும் உறையாமல் படிகங்களுக்கு இடையே தங்கிவிடுகிறது. நாம் கடிக்கும்போது தெரியும் மென்மை அந்த உறையாத பாகினால் வருவதுதான். தர்பூசணியில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். சர்க்கரை ஏறத்தாழ 6 விழுக்காடுதான். ஆகவே பாகு குறைந்து, படிகம் மிகுந்து, கல்லாகிவிட்டது. நீங்கள் உறிஞ்சியபோது வெளியே வந்தது அந்தக் கொஞ்சம் பாகுதான். நிறமும் சுவையும் அதனோடு போய்விட்டன. இரண்டாம் முறை இதற்கு நேர்மாறாக, உறைவதற்கே வழியில்லாத அளவுக்குச் சர்க்கரை சேர்ந்துவிட்டது.

குச்சி ஐஸுக்கு, பழத்தில் இயல்பாக உள்ளதையும் சேர்த்து மொத்தச் சர்க்கரை 15 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் பல்லுக்கு இதமாக இருக்கும். அரை லிட்டர் தர்பூசணிச் சாற்றுக்கு 50 கிராம், அதாவது நான்கு மேசைக்கரண்டி சர்க்கரை போதும். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும் என்பதால், ஊற்றும்போது சற்றுத் தூக்கலாக இனிக்கும் கலவைதான் உறைந்தபின் சரியாக இருக்கும். இதைப் பிள்ளைகளைக் கொண்டே சோதிக்கலாம்: ஒரே சாற்றை அறை வெப்பத்தில் ஒரு கரண்டியும், நன்கு குளிரவைத்து ஒரு கரண்டியும் கொடுத்து எது அதிகம் இனிக்கிறது என்று கேளுங்கள்.

சில நடைமுறைக் குறிப்புகளும் உண்டு. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். எனவே அச்சை விளிம்புவரை நிரப்பாமல் ஒரு விரல் அகலத்துக்கு இடம் விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, கலவை கூழ்ப்பதத்துக்கு வந்தபின் குச்சியைச் செருகினால் அது நேராக நிற்கும். எடுக்கும்போது இழுக்காதீர்கள். அச்சின் வெளிப்புறத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் 15 அல்லது 20 விநாடிகள் வைத்திருந்தால் ஓரம் உருகித் தானே கழன்று வரும். சுடுதண்ணீர் வேண்டாம், அது வெளிப்பக்கத்தைக் கரைத்துவிடும்.

ஜெல்லி உறையாததற்குத் தூள் காரணமன்று, அன்னாசிதான் காரணம். பச்சை அன்னாசியில் புரதத்தை வெட்டும் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. ஜெலட்டின் என்பது புரதமே ஆதலால், வலைபோல் பின்னிக்கொள்ள வேண்டிய அதன் இழைகளை அந்த நொதி துண்டுதுண்டாக்கிவிடுகிறது. கிவி, பப்பாளி, அத்தி ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். இந்தப் பழங்களைப் பாலோடு அரைத்துச் சிறிது நேரம் வைத்தால் கசப்பதும் இதனால்தான். வெப்பம் நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால், அன்னாசித் துண்டுகளைச் சில நிமிடங்கள் கொதிக்கவைத்தோ டப்பாவில் அடைத்த அன்னாசியைக் கொண்டோ செய்தால் ஜெல்லி உறையும். மற்றொரு வழி, ஜெலட்டினை விட்டுவிட்டு அகர் அகர் என்னும் கடற்பாசித் தூளுக்கு மாறுவது. அது புரதம் அன்று, கார்போஹைட்ரேட் வகையைச் சேர்ந்தது. ஆகவே புரோமலைன் அதை ஒன்றும் செய்யாது. ஜெலட்டின் உடலின் வெப்பத்திலேயே உருகிவிடும்; அகர் அகரோ 85 டிகிரியை ஒட்டித்தான் உருகும் என்பதால் கோடை வெயிலில் மேசைமேல் வைத்தாலும் குலையாது. அரை லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டித் தூள் எடுத்து, தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடங்கள் நன்றாகக் கொதிக்கவிட்டு, இறக்கியபின் பழச்சாற்றைச் சேருங்கள்; புளிப்பான சாற்றோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் அதன் பிடிமானம் குறைந்துவிடும். கொதிக்கவைப்பது மட்டும் உங்கள் வேலை.

ஆனால் தோற்றுப்போன அந்த ஜெல்லியைத் தோல்வி என்று விட்டுவிடாதீர்கள். ஒரு கிண்ணத்தில் பச்சை அன்னாசியும் மற்றொன்றில் கொதித்து ஆறிய அன்னாசியும் போட்டு, இரண்டிலும் ஒரே ஜெலட்டின் கரைசலை ஊற்றி வைத்தால், மறுநாள் காலையில் உங்கள் பெரிய பெண் எனக்கே பாடம் எடுப்பாள். குச்சி ஐஸின் கதையையும் அவர்களுக்குச் சொல்லலாம். 1905-ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் 11 வயதுச் சிறுவனாக இருந்த ஃபிராங்க் எப்பர்சன், இனிப்புத் தூள் கலந்த தண்ணீரைக் கலக்குகுச்சியோடு இரவில் வெளியே மறந்து வைத்துவிட்டதாகவும், குளிரில் அது குச்சியோடு உறைந்துபோனதாகவும் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்; 1924-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். மறதியால்கூட நல்ல தின்பண்டம் பிறக்கும்.


மழலையர் பள்ளிப் பாட்டி எழுதியது:

அம்மா, ஆசிரியர் ஐஸைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். சிறு பிள்ளைகளோடு பல ஆண்டுகள் சமையலறையில் நின்றவள் என்ற உரிமையில் ஒன்று சொல்லலாம் அல்லவா? நீங்கள் முதலில் பண்டத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அதற்குப் பிறகு அதில் பிள்ளைகளுக்கு என்ன வேலை மிஞ்சும் என்று தேடுகிறீர்கள். மிஞ்சுவது விசையை அழுத்துவது ஒன்றுதான், அதனால்தான் சண்டை. இதைத் திருப்பிப் போடுங்கள். மூன்று பேருடைய கைகளும் எந்த வேலையைச் செய்யும் என்று முதலில் பாருங்கள். அந்த வேலைகள் சேர்ந்து எந்தப் பண்டமாகும் என்று பிறகு யோசியுங்கள்.

மூன்று வயதுக் கை கிள்ளும், பிய்க்கும், பிசையும், தண்ணீரில் அளையும். ஆகவே புதினாவை ஆய்வது, கீரை இலைகளைப் பிய்ப்பது, காம்பிலிருந்து திராட்சையைப் பறிப்பது, வாழைப்பழத்தை முள்கரண்டியால் மசிப்பது, அகலமான பாத்திரத்தில் பழங்களைக் கழுவுவது ஆகியவை அவனுடைய வேலைகள். கழுவும்போது தரை நனையும். ஒரு பழைய துண்டை விரித்துவிட்டு அதை மறந்துவிடுங்கள். ஆறு வயதுக் கைக்கு வலிமை வந்திருக்கும். அது எலுமிச்சை மூடியைப் பிழியும், கோப்பையில் சரியாக அளக்கும், மேசைக்கத்தியால் வாழைப்பழத்தையும் மாம்பழச் சதையையும் வெட்டும், ரொட்டியில் தடவும். பிழியும் முன் எலுமிச்சையைப் பலகையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டச் சொல்லுங்கள். சாறும் எளிதாக வரும், பிள்ளைக்கும் அது பிடித்த வேலையாகிவிடும்.

கத்தியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒன்பது வயதில் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் பிளாஸ்டிக் பொம்மைக் கத்தியையோ வீட்டில் மழுங்கிக் கிடப்பதையோ கொடுக்காதீர்கள். மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தும்போதுதான் அது வழுக்கி விரலுக்கு வருகிறது. அவள் கைக்கு அடங்கும் சிறிய, கூரான கத்தியைக் கொடுங்கள். வெட்டுப்பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்தால் பலகை நகராது. முழங்கை பலகையைவிட உயரத்தில் இருக்கும்படி அவள் உறுதியான ஒரு படியின்மேல் நிற்கட்டும். உருண்டையான எதையும் முதலில் நீங்கள் இரண்டாகப் பிளந்து, வெட்டிய தட்டைப் பக்கம் கீழே இருக்குமாறு வைத்துக் கொடுங்கள். காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகள் உள்ளே மடங்கியிருக்க வேண்டும். பூனை தன் பாதத்தை மடக்கி வைப்பதைப்போல் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். முதல் நாள் வாழைப்பழம், அடுத்து வெள்ளரி, அதற்கும் பிறகு முலாம்பழக் கீற்று என்று போகலாம். காரட்டுக்கு அவசரம் வேண்டாம். அவள் வெட்டும்போது நீங்கள் அருகிலேயே இருங்கள். ஆனால் அவளிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

மிக்சியே வேண்டாத ஒரு பண்டத்தையும் சொல்கிறேன். அரை லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சர்க்கரையைக் கரைத்து, நான்கைந்து எலுமிச்சைகளின் சாற்றைச் சேர்த்து, அகலமான தட்டையான பாத்திரத்தில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஓரங்களில் பனி கட்டத் தொடங்கும். அதை முள்கரண்டியால் சுரண்டி நடுவுக்குத் தள்ள வேண்டும். அதன்பின் அரை மணிக்கு ஒரு முறை, ஆளுக்கொரு முறையாகச் சுரண்டிக்கொண்டே வந்தால், மூன்று மணி நேரத்தில் பொலபொலவென்ற பனித்தூள் கிடைக்கும். முறை வரும் நேரத்தைப் பார்க்க உங்கள் நடுப்பிள்ளை கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டுவிடுவான். கல்லாகிவிடுமோ என்ற அச்சம் இதில் இல்லை. சுரண்டுவதே இதன் செய்முறை.

பச்சை நிறத்தைத் தொடாத பிள்ளையைப் பற்றி: கை வைத்த பண்டத்தைச் சுவைத்துப் பார்க்கப் பிள்ளைகள் கூடுதலாக முன்வருகிறார்கள் என்பது உண்மை, ஒரே நாளில் மனம் மாறிவிடுவார்கள் என்பது உண்மையன்று. புதிய உணவு ஒன்றைப் பத்து, பதினைந்து முறை பார்த்துத் தொட்டு முகர்ந்த பிறகே ஏற்றுக்கொள்ளும் பிள்ளைகள் பலர் உண்டு. ஆகவே இலையைக் கிள்ளச் சொல்லுங்கள், முகரச் சொல்லுங்கள், தின்னச் சொல்லாதீர்கள். தயிரில் புதினாவை நறுக்கிப்போட்டு ஒரு சிட்டிகை உப்பிட்டு, நீளமாக வெட்டிய வெள்ளரியைத் தொட்டுத் தின்ன வையுங்கள். பச்சைத் தோலைச் சீவிவிட்டும் ஒரு கிண்ணத்தில் வையுங்கள். காய்கறிகளைக் கொண்டு தட்டில் முகம் செய்வதும் விலங்கு செய்வதும் எனக்கு உடன்பாடில்லை. மூக்கைத் தின்றால் முகம் கெட்டுவிடுமே என்று பிள்ளை அதைத் தொடாமலே விட்டுவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

கடையில் வாங்கிய புதினாவில் இரண்டு தண்டுகளை எடுத்து, கீழ் இலைகளை நீக்கி, தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில் ஜன்னலோரம் வையுங்கள். ஓரிரு வாரங்களில் வேர் விடும், மண்ணில் நட்டுவிடலாம். தன் செடியின் இலை என்றால் கதை வேறு.


செவிலியர் எழுதியது:

வணக்கம். ஆசிரியர் ஐயாவின் சர்க்கரைக் கணக்கு உறைவதற்குச் சரி. ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு தினமும் செய்யத் தொடங்கிவிடாதீர்கள். உணவிலிருந்து கிடைக்கும் மொத்த ஆற்றலில் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. ஒரு நாளைக்கு 1,500 கலோரி உண்ணும் பிள்ளைக்கு 10 விழுக்காடு என்பது ஏறத்தாழ 37 கிராம். நான்கு கரண்டி சேர்த்த அரை லிட்டர் சாறு ஏழெட்டுக் குச்சிகளாகும் என்பதால் ஒன்றில் 7 கிராம் அளவுக்குச் சேர்த்த சர்க்கரை இருக்கும். ஒன்று தின்றால் கவலையில்லை, வெயிலில் மூன்று தின்றால் கணக்கு மாறிவிடும். அதோடு, அந்தக் கணக்கில் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையும் சேரும், தேனும் சேரும். முழுப் பழத்தில் உள்ளது சேராது. எனவே தர்பூசணியை வடிகட்டியதுதான் என் பார்வையில் உங்கள் முதல் தவறு.

மூன்று வயதுப் பிள்ளை இருப்பதால் இன்னும் சில செய்திகள். திராட்சையை முழுதாகவோ வட்டமாக வெட்டியோ கொடுக்கக் கூடாது. நீளவாக்கில் நான்காகப் பிளந்துதான் கொடுக்க வேண்டும், உறையவைத்த திராட்சைக்கும் இது பொருந்தும். முழுக் கொட்டைப் பருப்புகள் ஐந்து வயதுவரை வேண்டாம். பச்சைக் காரட்டைத் துருவிக் கொடுங்கள். குச்சி ஐஸ் தின்னும்போது எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும். வாயில் குச்சியோடு ஓடக் கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தை வீட்டுக்கு வந்தால் தேன் கலந்த எதையும் அதன் நாவில் வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் அந்த வயதில் கடுமையான நோயைத் தரும். முலாம்பழத்தின் தோலை நாம் தின்பதில்லை என்றாலும் வெட்டும் முன் தேய்த்துக் கழுவுங்கள், ஏனெனில் கத்தி தோலில் உள்ள கிருமியைச் சதைக்குள் கொண்டு போகும். வெட்டிய பழமும் பால் சேர்ந்த பண்டமும் 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது.


வேதியியல் ஆசிரியர் எழுதியது:

செவிலியர் அம்மா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். சர்க்கரை சேர்க்காமல் மென்மை வர வேண்டுமானால், வடிகட்டாத தர்பூசணி மூன்று பங்குக்கு, தோலில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழம் ஒரு பங்கு சேர்த்து அரையுங்கள். வாழைப்பழத்தின் சர்க்கரையோடு அதன் பெக்டினும் நாரும் சேர்ந்து கலவையைக் கெட்டியாக்குவதால் பாகு எளிதில் வழிந்தோடாது, படிகங்களும் பெரிதாவதில்லை. கெட்டித் தயிரும் இதே வேலையைச் செய்யும். கல்லைவிட மென்மையாகவும் சர்க்கரைக் குச்சியைவிடக் கெட்டியாகவும் இருக்கும். எடுத்து ஐந்து நிமிடம் கழித்துக் கொடுத்தால் குறை தெரியாது.


மூவரின் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். வாழைப்பழம் சேர்த்த தர்பூசணிக் குச்சி ஐஸ் அச்சிலிருந்து அழகாகக் கழன்று வந்தது. நிறம் மட்டும் சற்று மங்கல். அன்னாசிச் சோதனையைப் பெரியவள் மூன்று கிண்ணங்களாக விரித்து, கிவிக்கும் ஒன்று வைத்தாள். கிவிக் கிண்ணம் தண்ணீராகவே இருந்ததைப் பார்த்து அவள் அடைந்த மகிழ்ச்சி, உறைந்த கிண்ணத்தைத் தின்றபோதுகூட இல்லை. பனித்தூளைச் சுரண்டும் முறையைச் சின்னவன் யாருக்கும் விட்டுத்தர மறுத்தான் என்பதைத் தவிர வேறு சண்டை இல்லை. நடுப்பிள்ளை புதினாத் தயிரை வெள்ளரியின் நுனியால் தொட்டு, தயிரை மட்டும் நக்கிவிட்டு வெள்ளரியை என்னிடம் கொடுத்தான். இது முதல் முறை என்று எண்ணிக்கொண்டேன். இன்னும் பதினான்கு இருக்கின்றன.

இப்போது பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் ஆசை வந்திருக்கிறது. பையில் ஐஸும் உப்பும் போட்டுக் குலுக்கினால் ஐஸ்கிரீம் ஆகிவிடும் என்று பெரியவள் எங்கோ பார்த்ததாகச் சொல்கிறாள். அது உண்மையில் நடக்கக்கூடியதா?


இரட்டையரின் தந்தை எழுதியது:

நடக்கும், சகோதரி. என் பிள்ளைகளோடு பல முறை செய்திருக்கிறேன். ஒரு முறை உள்பை பிரிந்து முழுவதும் உப்புக் கரிக்கும் பாலாகப் போனதையும் சேர்த்தே சொல்கிறேன். அன்றிலிருந்து உள்ளே இரண்டு பைகள் போடுகிறேன்.

காற்றுப் புகாமல் மூடும் சிறிய பையில் பாதிக் கோப்பைப் பாலும் பாதிக் கோப்பைக் கிரீமும் இரண்டு மேசைக்கரண்டிச் சர்க்கரையும் வெனிலா சில துளிகளும் ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடுங்கள். அதை மற்றொரு சிறிய பைக்குள் வைத்து மூடுங்கள். பெரிய பையில் நான்கு கோப்பை உடைத்த ஐஸும் அரைக் கோப்பைக் கல்லுப்பும் போட்டு, சிறிய பையை நடுவில் புதைத்து, பெரிய பையையும் மூடிக் குலுக்க வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு நிமிடங்களில் மென்மையான ஐஸ்கிரீம் ஆகிவிடும். பச்சை முட்டை சேர்க்கும் செய்முறைகளைப் பிள்ளைகளுக்காகத் தவிர்த்துவிடுங்கள். அது இல்லாமலே நன்றாக வரும்.

ஆசிரியர் சொன்ன விதிதான் இங்கும் வேலை செய்கிறது. உப்பு ஐஸின் உறைநிலையைக் கீழே இறக்குவதால் ஐஸ் உருகத் தொடங்குகிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பக்கத்தில் இருக்கும் பாலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. உப்பும் ஐஸும் சரியான விகிதத்தில் சேர்ந்தால் −21 டிகிரிவரைகூடப் போகும். பையில் அவ்வளவு போவதில்லை என்றாலும், வெறுங்கையில் தொடர்ந்து பிடித்திருந்தால் தோல் புண்ணாகும் அளவுக்குக் குளிர்ந்துவிடும். எனவே பையைத் தடித்த துண்டில் சுற்றாமல் பிள்ளைகளின் கையில் கொடுக்கவே கூடாது. சின்னவனால் அவ்வளவு நேரம் குலுக்க முடியாது. பையை மூடி இறுகிய ஒரு டப்பாவுக்குள் வைத்து, மூவரையும் தரையில் எதிரெதிரே உட்காரவைத்து உருட்டி விளையாடச் சொல்லுங்கள். திறக்கும் முன் சிறிய பையின் வெளிப்புறத்தைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள். நாங்கள் முதல் தடவை அதை மறந்தோம். முதல் கரண்டியை வாயில் வைத்த பெண்ணின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

குலுக்கிச் சலித்துவிட்டால், வாழைப்பழத்தை வில்லைகளாக வெட்டி இரவு முழுவதும் உறையவைத்து, மறுநாள் மிக்சியில் அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு மாவாகும், ஏதோ கெட்டுவிட்டது என்று நீங்கள் நிறுத்த நினைக்கும்போது திடீரென்று வழுவழுப்பாகத் திரளும். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். செவிலியர் அம்மாவும் ஒன்றும் சொல்ல மாட்டார்.


மழலையர் பள்ளிப் பாட்டி எழுதியது:

ஒரு சிறு எச்சரிக்கை. குலுக்கி முடித்தபின் மிஞ்சும் உப்புத் தண்ணீரைப் பிள்ளைகள் ஓடிப்போய்ப் புதினாவுக்கு ஊற்றிவிடுவார்கள்; தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நாம்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். செடி வாடிப்போகும். அதை ஒரு அகலமான கண்ணாடித் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்துவிடுங்கள்.


மூவரின் அம்மா எழுதியது:

பாட்டியம்மா, உங்கள் எச்சரிக்கை வருவதற்குச் சற்று முன்பே சின்னவன் ஒரு குவளை ஊற்றிவிட்டான். நல்ல வேளையாக அது புதினாத் தொட்டி இல்லை, பக்கத்திலிருந்த வெறும் மண் தொட்டி. மீதியைத் தட்டில் ஊற்றி ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறோம். மூன்றாம் நாளான இன்று ஓரங்களில் வெள்ளைப் படிகங்கள் தெரியத் தொடங்கியிருக்கின்றன. அடுத்த ஐஸ்கிரீமுக்கு அந்த உப்பைத்தான் போட வேண்டும் என்று நடுப்பிள்ளை தட்டுக்கு அருகில் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறான்; யாரும் தொடக் கூடாதாம்.